பலகையில் தடவிய வெண்ணெய்

எங்கள் ஹார்லோவில் வெண்டல் ஹூபரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ஒரு பவுண்டு கூட்டியும் எழுதாதவர், குறைத்தும் எழுதாதவர். ஆற்றங்கரைத் தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். வெண்டல் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார். விவசாயி அதைப் பார்க்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுப்பார். நின்று பார்ப்பது அவரை அவமானப்படுத்துவது போல என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நினைப்பு. சொந்த மச்சான் ஒருமுறை ஈரச் சோளத்தைக் கொண்டுவந்து கண்ணடித்தபோதுகூட ஈரத்துக்கான கழிவைக் கழித்துத்தான் சீட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் நன்றிநாள் விருந்துக்கு மச்சான் வீட்டார் வரவில்லை. வெண்டல் வான்கோழியை இரண்டு வாரம் வைத்துத் தின்றார்.

அப்படிப்பட்ட ஆள் கடைசிக் காலத்தில் எண்ணில் கைவைத்தார் என்றால் எங்களுக்கே நம்ப முடியவில்லை. காசுக்காகக் கைவைத்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். பாசத்தில் வைத்தார். அதைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு வேறு வேலை வந்தது. எங்கள் ஊருக்குக் கெளுத்திகள் என்று ஒரு பேஸ்பால் அணி உண்டு. பெரிய கிளப் எதனோடும் சேர்ந்ததல்ல. பெரிய கிளப்புகள் எடுக்காத பையன்களும், எடுத்துவிட்டுக் கழற்றிவிட்ட பையன்களும் ஒரு கோடைக்கு வந்து ஆடுவார்கள். யாராவது பார்த்து மேலே கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் கிடப்பார்கள். ஆடுவதற்குச் சம்பளம் உண்டு, ஆனால் அதில் வாடகை கொடுக்க முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்வோம். ஹூபர் வீட்டு மாடியறை, மகள் கல்யாணமாகி டென்வருக்குப் போனதிலிருந்து, ஒவ்வொரு கோடையும் ஒரு வீச்சாளனுக்குத்தான். அதுவும் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற வீச்சாளன். வெண்டலின் மனைவி லவோன் கிளப்பில் கேட்டு வாங்குவாள்.

"அவனுங்க அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் எறிவானுங்க. மீதி நாள் பூரா பசியோட வீட்ல கிடப்பானுங்க. சமைச்சுப் போடறவளுக்கு அதைவிட என்ன வேணும்?" என்பாள். லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கோடையில் பேருந்தும் இல்லை, அதட்டப் பிள்ளைகளும் இல்லை.

மே மாதம் வரும்போது ஒவ்வொருத்தனும் இரும்புக் கையோடுதான் வருவான். ஜூலையில் ஒருவனுக்குத் தோள் போகும், ஒருவனுக்கு முழங்கை போகும். அந்த மாடியறையில் ஒரு கோடை முழுக்கத் தாக்குப்பிடித்த கைகள் குறைவு. லவோனின் உறைபெட்டியில் பச்சைப் பட்டாணிப் பொட்டலங்கள் எப்போதும் அடுக்கியிருக்கும். அந்த வீட்டில் யாரும் பட்டாணி தின்பதில்லை. எல்லாம் ஐஸுக்குப் பதிலாக வலிக்கிற கையில் வைத்துக் கட்ட.

வெண்டலின் வேலை பலகை. மைதானத்தில் பார்வையாளர் வரிசைக்கு மேலே ஒரு மரப்பெட்டி அறை. பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் வலைக்கருகில் வேகம் அளக்கிற கருவி ஒன்று நிற்கும், துப்பாக்கி என்பார்கள். ஒவ்வொரு பந்தின் வேகமும், மணிக்கு இத்தனை மைல் என்று, வெண்டலின் அறையிலுள்ள சின்னத் திரையில் விழும். அதைப் பார்த்து அவர் தட்டினால்தான் மைதானத்துப் பெரிய பலகையில் எண் தெரியும். கிளப்பிடம் இருந்தது அந்த ஒரு துப்பாக்கிதான். மேலாளர் ரோலி கின்கேட் தன் தாளில் குறிப்பதும் பலகையைப் பார்த்துத்தான்.

முதல் தடவை எண்ணில் கைவைத்தது எப்படி என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சில கோடைகளுக்கு முன்னால், மாடியறையில் ஒரு பையன் இருந்தான். எறிந்த பந்தையெல்லாம் எதிரணி அடித்து நொறுக்கியது. கூட்டம் வாயை மூடிக்கொண்டது. பையன் தலையைத் தொங்கப்போட்டான். திரையில் எண்பத்தொன்பது விழுந்தது. வெண்டலுக்கு மனசு கேட்கவில்லை. தொண்ணூறு என்று தட்டினார். கூட்டம் கைதட்டியது, பையன் திரும்பிப் பலகையைப் பார்த்தான், நிமிர்ந்தான், அடுத்த மூன்று பேரையும் வெளியேற்றினான்.

அன்று சாப்பாட்டு மேசையில் சோளக்கதிருக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அதை மனைவியிடம் சொன்னார். லவோன் சிரித்துவிட்டாள்.

"சோளம் நம்ம சோளம்தானே. கொஞ்சம் வெண்ணெய் தடவினா யாருக்கு நஷ்டம்?"

அதிலிருந்து அவர்களுக்குள் அதுதான் பேர். ஆட்டம் முடிந்து வந்தால், "இன்னைக்கு வெண்ணெய் உண்டா?" என்று அவள் கேட்பாள். அவர் ஒரு விரலைக் காட்டுவார். அதற்காக எதிரணி வீச்சாளனுக்கு ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டார். அடுத்த ஊர்களில் அப்படி இல்லை. வெளியூர்ப் பையன் எறிந்தால் இரண்டு மூன்றைச் சுரண்டிவிடுவார்கள் என்பது எங்கள் வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை. வெண்டல் அதைச் சொல்லிச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார். அவங்க திருடறாங்க, நான் கொடுக்கிறேன்.

டால்டன் ரிக்ஸ் வந்தது போன மே மாதம். டெக்சஸின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு துணிப்பையோடு பேருந்தில் வந்து இறங்கினான். இருபத்திரண்டு வயது, நெட்டையாய், காதுகள் இரண்டும் விரிந்து. முதல் நாளே லவோனை அம்மா என்று கூப்பிட்டான். வெண்டல் மட்டும் சார்.

"அதென்னடா, அவ மட்டும் அம்மா, நான் மட்டும் சாரா?" என்று கேட்டார் வெண்டல்.

"அம்மா சோறு போடறாங்க, சார். நீங்க நம்பர் போடறீங்க. நம்பர் போடறவர்கிட்ட மரியாதையா இருக்கணும்ல?"

லவோன் மேசையைத் தட்டிச் சிரித்தாள். வெண்டலுக்கு அந்தப் பையனை அப்போதே பிடித்துப்போயிற்று.

கை என்றால் அப்படியொரு கை. வெண்ணெய் இல்லாமலே தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. வெண்டல் ஒன்றைத்தான் கூட்டினார், அதுவும் பழக்கதோஷம். ஜூன் பாதியில் திரையில் தொண்ணூற்றொன்று விழ ஆரம்பித்தது. இரண்டாகக் கூட்டினார். பையன் பார்க்கிற எண் மாறக்கூடாது, மனசு விட்டுவிடுவான் என்று பட்டது. ஜூலையில் தொண்ணூறு, பிறகு எண்பத்தொன்பது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, எல்லாக் கையும் இந்த மாதம் கொஞ்சம் தளரும், ஆகஸ்ட்டில் திரும்ப வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். வெண்ணெய் மூன்றாகி நான்காயிற்று. பலகையில் மட்டும் டால்டன் ரிக்ஸ் மே மாதத்துப் பையனாகவே இருந்தான்.

வெளியூர் ஆட்டத்தில் ஒருமுறை டால்டன் எறிந்ததற்கு எண்பத்தெட்டு என்று காட்டியிருக்கிறார்கள். பேருந்தில் திரும்பும்போது மொத்த அணியும் அதைச் சொல்லிச் சிரித்தது. "அந்த ஊர்க்காரன் கல்யாணத்துக்கே கேக்கைக் கடன் கேக்கறவன். அவனா நமக்கு நம்பர் கொடுப்பான்?" என்றாராம் ரோலி. டால்டன் வீட்டுக்கு வந்து அதே நகைச்சுவையைச் சொன்னபோது லவோன் சிரித்தாள். வெண்டல் எழுந்து போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தார். குப்பைத் தொட்டி பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லவோன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு வந்தாள். வெண்டல் புல்வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார்.

"அவன் பால் ஜாடியை இடது கையால தூக்கறான்."

"யாரு?"

"நம்ம வீட்ல எத்தனை பேரு பால் குடிக்கறாங்க? மூணு நாளா பாக்கறேன். ஜாடி இடது கை, கதவு இடது கை. சட்டை பொத்தானைப் போட எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா? நேத்து ஊறுகாய் பாட்டிலைத் திறக்கச் சொல்லி நீட்டினேன். 'அம்மா, இது உங்களுக்கே ஈசியா வரும்'னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டான்."

வெண்டல் வெளியே வரவில்லை. கீழே கிடந்தபடியே, "எறிஞ்ச மறுநாள் எல்லாருக்கும் விறைக்கும்" என்றார்.

"அவன் எறிஞ்சு நாலு நாள் ஆச்சு, வெண்டல்."

அன்று மாலை டால்டன் பின்படியில் உட்கார்ந்து பட்டாணிப் பொட்டலத்தை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். வெண்டல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொஞ்சநேரம் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தார்கள்.

"வலிக்குதாடா?"

பையன் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "உள்பக்கம், சார். கடைசி ரெண்டு விரல் சில நேரம் மரத்துப்போகுது. கிளப்புல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். சொன்னா அடுத்த பஸ்ல ஏத்திவிட்டுருவாங்க."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரலாமே."

"காட்டலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நானே யோசிச்சேன். கை நிஜமா கெட்டுப்போயிருந்தா வேகம் இறங்கணுமில்ல? இறங்கலையே! நாலு நாள் முன்னாடிகூடத் தொண்ணூத்திரெண்டு. ரோலி எப்பவும் சொல்வாரு, வலி பொய் சொல்லும், நம்பர் பொய் சொல்லாதுன்னு." அவன் பொட்டலத்தை அழுத்திக் கட்டினான். "ஒவ்வொரு தடவை வலிக்கும்போதும் திரும்பி உங்க பலகையைத்தான் பாக்கறேன், சார். தைரியமா இருக்கு."

வெண்டல் அவன் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். சொல்லியிருக்கலாம். அந்தப் படியில், அந்த நேரத்தில், நாலே வார்த்தை போதும். அதற்குள் பையனின் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், உங்ககிட்ட சொல்லவே இல்லையே! வெள்ளிக்கிழமை என்னைப் பாக்க ஆள் வர்றாரு. பெரிய கிளப்லேர்ந்து. இப்பதான் ரோலி போன் பண்ணாரு. எனக்காகவே வர்றாராம், என் முறையைக்கூட அன்னைக்குத் தள்ளி வச்சிருக்காங்க!"

வந்த வார்த்தையை வெண்டல் விழுங்கிவிட்டார்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு லவோன் அவரை உலுக்கி எடுத்தாள்.

"இன்னைக்கே சொல்லுங்க. இப்பவே மாடிக்குப் போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லச் சொல்றே? நீ எறிஞ்சதா நினைச்சதெல்லாம் நீ எறியல, நான் எறிஞ்சதுன்னா?"

"ஆமா. அப்படியேதான்."

"மூணு நாள்ல அவனைப் பாக்க ஆள் வர்றாங்க, லவோன். இதைக் கேட்டா அவன் உடைஞ்சிருவான்."

"உடைஞ்சா மனசுதானே உடையும்? மனசு ஒட்டும். நீங்க எத்தனை கையைப் பாத்திருக்கீங்க இந்த வீட்ல, எது ஒட்டுச்சு?" அவள் குரல் இறங்கியது. "வெண்ணெய்னு பேர் வச்சுச் சிரிச்சது நானுந்தான். இல்லைங்கல. ஆனா இது இனிமே சிரிப்பு இல்லை."

வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போகும் வழியில் சொல்வதாக ஒத்துக்கொண்டார். ஏன் வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று அவள் கேட்டாள். அவர் விளக்கை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் தன் பழைய பிக்கப் வண்டியில் பையனை ஏற்றிக்கொண்டார். கிடங்கைத் தாண்டினார்கள், ரயில்பாதையைத் தாண்டினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று தோன்றியது. டால்டன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். அவனுடைய அம்மா ஒரு மாட்டுப் பண்ணையில் சமையல் வேலை பார்க்கிறவள். வேலை செய்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். மைதானத்துக்கு வந்து வண்டி நின்றதும் இறங்கியவன் ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

"மேல இருந்து என்னைப் பாத்துக்குங்க, அப்பா."

சொல்லிவிட்டுக் காது சிவக்க ஓடிவிட்டான். வெண்டல் வண்டியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

பெட்டி அறைக்கு ஏறும் படியில்தான் அந்த யோசனை வந்தது. வாயால் சொல்ல முடியவில்லை என்றால் என்ன, பலகை சொல்லட்டும். முதல் பந்திலிருந்து உள்ளதை உள்ளபடி தட்டுவது. எண் விழுந்ததைப் பையன் பார்ப்பான், ரோலி பார்ப்பார், என்னமோ சரியில்லை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். இனி ஒரு பொட்டு வெண்ணெய் கிடையாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். மனசு லேசாகிவிட்டது. நேர்மைக்குத் திரும்பிவிட்டோம் என்றே நம்பினார், பாவம். முகத்தைப் பார்த்துச் சொல்வதிலிருந்து தப்பித்து ஓடுகிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

பெரிய கிளப்பிலிருந்து வந்தவர் வலைக்குப் பின்னால் நாலாவது வரிசையில் வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய சொந்தத் துப்பாக்கி.

டால்டன் முதல் பந்தை எறிந்தான். திரையில் எண்பத்தெட்டு. வெண்டல் எண்பத்தெட்டு என்று தட்டினார். அடுத்தது எண்பத்தெட்டு. அடுத்தது எண்பத்தேழு. கூட்டம் முணுமுணுத்தது. டால்டன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான். பிறகு மேலே பெட்டி அறையைப் பார்த்து, என்ன ஆச்சு என்பது போல இரண்டு கைகளையும் விரித்தான்.

சுவரிலிருந்த தொலைபேசி அலறியது. கீழே ஆட்டக்காரர் கொட்டகையிலிருந்து ரோலி.

"வெண்டல், உங்க துப்பாக்கி செத்துப்போச்சா? எண்பத்தேழுங்குது!"

"துப்பாக்கி சரியாத்தான் இருக்கு, ரோலி."

"இன்னைக்குப் பாத்தா மக்கர் பண்ணணும்? அந்த ஆளு உக்காந்திருக்கான்யா!"

"மக்கர் பண்ணல. அவன் கையைப் பாரு. கையில என்னமோ சரியில்ல. அவனை உக்கார வை."

"கையா? போன தடவை தொண்ணூத்திரெண்டு எறிஞ்ச கைய்யா அது! நீங்கதானே போட்டீங்க, தாள்ல எழுதி வச்சிருக்கேன்!"

வெண்டல் ரிசீவரைக் கெட்டியாகப் பிடித்தார். "அது... அந்த நம்பரு..."

"அந்தக் கம்பியைக் கழட்டி மாட்டுங்க, போங்க" என்று சொல்லி ரோலி வைத்துவிட்டார். வெண்டல் திரும்பக் கூப்பிட்டார். கொட்டகையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது இன்னிங்ஸில் டால்டன் மேட்டில் ஏறி நின்ற விதமே மாறியிருந்தது. வந்தவரின் துப்பாக்கியிலும் அதே எண்தான் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. உதட்டைக் கடித்துக்கொண்டான். காலை இன்னும் உயரத் தூக்கினான். எண்பத்தொன்பது. எறிந்துவிட்டு உடனே பலகையைத் திரும்பிப் பார்த்தான். தொண்ணூறு. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தொண்ணூற்றொன்று. கைதட்டல் கேட்டது. ஒவ்வொரு பந்துக்கும் அவன் எண்ணைப் பார்த்தான், போதவில்லை என்று தலையாட்டினான், இன்னும் பலமாக எறிந்தான். ஒவ்வொரு எறிக்குப் பிறகும் வலது கையை ஒருமுறை உதறிக்கொண்டான்.

வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. பையன் எதிரில் நிற்கிறவனுக்கு எறியவில்லை, பலகைக்கு எறிகிறான். அவனுக்குக் காணாமல் போன அந்தத் தொண்ணூற்றிரண்டைப் பிடிக்க எறிகிறான். ஒரே ஒரு பொய்யைத் தட்டினால் போதும். தொண்ணூற்று மூன்று என்று பலகையில் வந்துவிட்டால் அவன் மூச்சு விடுவான், கையைத் தளர்த்துவான். பொய்யே அவனை இன்று காப்பாற்றும். வெண்டலின் விரல் ஒன்பதின் மேல் வந்து நின்றது. இன்னொரு பொய்யா? அதைத்தானே விட்டேன் என்று சத்தியம் செய்தேன்? எழுந்து கீழே ஓடிப்போய் மைதானத்துக்குள் இறங்கிக் கத்தியிருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு தோன்றியது. அந்தச் சமயத்தில் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்து கிடந்தார்.

அடுத்த பந்து திரையில் தொண்ணூற்று நான்கு என்று விழுந்தது.

கண்ணை நம்ப முடியாமல் ஒருகணம் பார்த்தார். பிறகு உள்ளபடியே தட்டினார். மைதானமே எழுந்து நின்றது. பக்கத்து அறையில் ஒலிபெருக்கிக்காரன் எண்ணைச் சொல்லிக் கத்தினான். அந்தக் கோடையில் அங்கே யாரும் நிஜமாக எறியாத வேகம்.

டால்டன் மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. மேட்டுக்கு முன்னால் புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது கையை இடது கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தான். கேட்சர் அவனை நோக்கி ஓடினான். கூட்டம் அப்போதும் தொண்ணூற்று நான்குக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. நாலாவது வரிசையில் வைக்கோல் தொப்பிக்காரர் துப்பாக்கியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

முழங்கையின் உள்பக்கத்துத் தசைநார் முழுசாக அறுந்துவிட்டது என்றார் டாக்டர். அறுத்துத் தைக்க வேண்டும். மறுபடி பந்தைத் தொட ஒரு வருஷம், ஆட்டத்தில் எறிய அதற்கும் மேல், அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால். கிளப் அவனை விடுவித்துவிட்டது. ரோலி வீடு வரை வந்து, வலது கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். வாசலில் வெண்டலிடம், "அந்தத் தொண்ணூத்திநாலு! என்ன கைய்யா! இப்படியா போகணும்?" என்றார். வெண்டல் அவரிடம் உள்ளதைச் சொன்னார். ரோலி தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "என் தாளெல்லாம் பொய்" என்றார் மெதுவாக. பிறகு, "பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று வெண்டல் தலையாட்டினார். ரோலி காரில் ஏறிப் போய்விட்டார்.

பையனைக் கூட்டிப்போக அவனுடைய அம்மா டெக்சஸிலிருந்து காரில் கிளம்பியிருந்தாள். அவள் வருவதற்கு முன்னால் கடைசிச் சாப்பாடு. லவோன் பன்றித் தொடையை வறுத்திருந்தாள், சோளம் அவித்திருந்தாள். டால்டனால் கதிரை ஒற்றைக் கையில் பிடித்துக் கடிக்க முடியவில்லை. கத்தியால் முத்துகளைச் சீவி அவன் தட்டில் போட்டாள். பையன் இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மேசையை ஒருமுறை பார்த்தான்.

"அம்மா, வெண்ணெய் இல்லையா?"

லவோன் எழுந்திருக்கவில்லை. வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் தட்டைப் பார்த்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

வெண்டல் சொன்னார். எடைமேடையில் எண்களைப் படிக்கிற அதே குரலில்தான் சொல்ல வந்தது, வேறு குரல் எதுவும் கிடைக்கவில்லை. மே மாதத்தில் ஒன்று, ஜூனில் இரண்டு, ஜூலையில் மூன்று, கடைசியில் நாலு. மனசு விட்டுவிடுவாயோ என்று பயந்துதான் என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. பின்படியில் உட்கார்ந்தபோதே சொல்லியிருக்க வேண்டும் என்றார். வண்டியிலாவது சொல்லியிருக்க வேண்டும். என்னால்தான் உன் கை போச்சு என்றார். லவோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

டால்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் வெண்டலுக்கு நன்றாக இருந்திருக்கும். பையன் கட்டுப் போட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க காட்டின எண்பத்தெட்டு..."

"அதுதான் நிஜம்."

"பஸ் பூரா சிரிச்சோம்" என்றான். தண்ணீர் குடித்தான். வெளியே பக்கத்து வீட்டு நாய் எதற்கோ குரைத்து ஓய்ந்தது.

"கடைசிப் பந்து? அதுக்குத் தொண்ணூத்திநாலுன்னு போட்டீங்களே. அதுல எவ்வளவு?"

"ஒண்ணும் இல்லை." வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார். "சத்தியமா ஒண்ணும் இல்லைடா. அது முழுக்க முழுக்க உன்னோடது. திரையில விழுந்தது தொண்ணூத்திநாலு. நான் ஒரு பொட்டுகூடச் சேக்கல."

டால்டன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், மறுபடியும் கண்ணைப் பார்த்தான். முப்பது வருஷத்தில் எந்த விவசாயியும் அவர் கொடுத்த சீட்டை அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க சொன்னா சரிதான், சார்" என்று சொல்லிவிட்டுப் பையன் கரண்டியை எடுத்தான்.